தெரிந்த பாக்கி, தெரியாத பாக்கி

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் விடுமுறை முடிந்து லேப் திறந்த முதல் நாள். நாலு நாள் சர்க்கரைப் பொங்கலும் கரும்பும் தின்றுவிட்டு ஊரே சர்க்கரை பார்க்க வந்துவிட்டது. ரத்தம் எடுத்து எடுத்துக் கட்டைவிரல் வலிக்கிறது. மருந்து கம்பெனிக்காரர் இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போனார். போன வருட டைரியில் பால் வாங்கிய விவரம்தான் எழுதினேன். இதிலாவது ஏதாவது எழுதலாம்.

சாயங்காலம் தம்பி ஜெகதீசன் வந்தான். பேப்பரில் வந்த ஏல விளம்பரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். சரவணம்பட்டிப் பக்கம் அடுக்குமாடியில் ஒரு வீடு, கடன் கட்டாததால் வங்கி ஏலம் விடுகிறது, வெளியில் இந்த விலைக்குக் கனவிலும் கிடைக்காது என்றான். நான் விலையைப் பார்க்கவில்லை. தரைத்தளம் என்று போட்டிருந்ததைத்தான் பார்த்தேன்.

இவர் பக்கவாதத்தில் விழுந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தவர். பேச்சு அநேகமாகத் திரும்பிவிட்டது, வலது கையும் காலும் திரும்பவில்லை; ஊன்றுகோலோடு சமதரையில் மட்டும் காலை இழுத்து இழுத்து நடப்பார். நாங்கள் இருப்பது கணபதிப் பகுதியில் ஒரு வாடகை வீட்டின் இரண்டாவது மாடி. படி குறுகல். ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பேர் நாற்காலியோடு தூக்கிவந்து மேலே விட்டார்கள். அதற்குப் பிறகு இவர் கீழே இறங்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது, தூக்கிக்கொண்டு இறங்க யாரும் இல்லை.

விளம்பரத்தை இவரும் வாங்கிப் படித்தார். "கீழ் வீடுன்னா நானே நடந்து போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்துருவேன், கோதை" என்றார்.

ஜனவரி 24, புதன்

வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். பார்த்தோம் என்றால் வெளியிலிருந்து. வங்கி ஆள் ஒருவர் வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் காட்டினார். உள்ளே ஆள் இருக்கிறார்களாம், சீக்கிரம் போய்விடுவார்களாம். சாலையிலிருந்து வீட்டு வாசல் வரை ஒரு படிகூட இல்லை, சரிவாக சிமெண்டு போட்டிருக்கிறார்கள். சன்னலில் 'இட்லி மாவு கிடைக்கும்' என்று அட்டை தொங்கியது. உள்ளே கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

ஜெகதீசன் பழைய கார் வாங்கி விற்கிறவன். "வண்டி ஏலத்துலயும் இப்படித்தான்க்கா, மூடி வச்சுத்தான் காட்டுவாங்க" என்றான்.

ஜனவரி 30, செவ்வாய்

எங்களுக்கு விழுந்துவிட்டது. ஜெகதீசன் கம்ப்யூட்டரில்தான் ஏலம். எங்களைத் தவிர ஒரே ஒரு ஆள் கேட்டார், அவரும் பாதியில் நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று அப்போது தோன்றவில்லை, இப்போது படுத்திருக்கையில் தோன்றுகிறது.

பட்டறையை விற்ற பணம், என் பி.எஃப்., நகை, மீதிக்கு வேறொரு வங்கியில் என் சம்பளத்தின் மேல் கடன்.

ஜனவரி 31, புதன்

கால்பங்கு கட்டியாயிற்று. விநாயகருக்குத் தேங்காய் உடைத்தேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

வங்கியில் கடன் வசூல் பிரிவு அதிகாரியைப் பார்த்தேன். மீதிப் பணத்துக்கான தேதியைச் சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினார். ஏல விளம்பரச் செலவு, வீட்டை மதிப்புப் போட்டவருக்குக் கொடுத்த கட்டணம், நோட்டீஸ் ஒட்டிய செலவு. எங்களுக்கு விற்பதற்காக அவர்கள் செய்த செலவு எல்லாம் எங்கள் தலையில். இது என்ன நியாயம் என்று கேட்டேன். நிபந்தனையில் பதினோராவது பத்தியைப் பார்க்கச் சொன்னார். உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறோம் என்றும், சொத்தின் மேலுள்ள தெரிந்த, தெரியாத எல்லாப் பாக்கிகளும் ஏலம் எடுத்தவரையே சேரும் என்றும் இருந்தது. கீழே எங்கள் இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தது. இவர் இடது கையால் போட்ட கோணல் கையெழுத்து.

"தெரியாத பாக்கின்னா யாருக்குத் தெரியாததுங்க?" என்று கேட்டேன்.

"யாருக்கு வேணாலும் மேடம். பொதுவா போடறதுதான்."

வேண்டாம் என்றால் கட்டிய கால்பங்கு திரும்ப வராது. அதையும் அவரே, நான் கேட்காமலே சொன்னார். நல்ல மனிதர்தான். எழுந்து நின்றுதான் பேசினார்.

பிப்ரவரி 9, வெள்ளி

மாநகராட்சி அலுவலகம். சொத்துவரி பல வருடம் கட்டவில்லை. தண்ணீர் வரி அதற்கும் முன்னாலிருந்து. அபராதம் தனி. கட்டினால்தான் வரிப்புத்தகத்தில் பெயர் மாறும். அரைநாள் லீவு போனது.

பிப்ரவரி 14, புதன்

முழுப் பணமும் கட்டிவிட்டோம். வீடு எங்களுடையது. சாவிதான் இல்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கஸ்தூரிரங்கன் வரச் சொல்லியிருந்தார். ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். பலகாரம் எல்லாம் வைத்து உபசரித்தார். பராமரிப்புப் பணம் அந்த வீட்டிலிருந்து மூன்று வருடமாக வரவில்லையாம், வட்டியோடு சேர்த்து வைத்திருக்கிறார். கட்டடத்துக்கு வெள்ளையடித்தது, போர்வெல் ஆழப்படுத்தியது, இரண்டிலும் அந்த வீட்டின் பங்கும் உண்டு. நாங்கள் அந்தப் பக்கமே வராத காலத்து வெள்ளை அது என்றேன்.

"வாஸ்தவந்தாம்மா. ஆனா சுவரு இப்ப உங்களுதுதானே" என்றார்.

பாக்கி தீராமல் சாமான் வண்டியைக் கேட்டுக்குள் விட மாட்டார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வந்து இவரிடம் சொன்னேன். சிரித்தார். "ஏலத்துல எடுத்தா செவுத்துல இருக்கிற பல்லியும் நம்மளுதுதான்" என்றார்.

பிப்ரவரி 21, புதன்

மின்வாரியம். வீட்டு இணைப்பில் வியாபாரத்துக்குக் கிரைண்டர் ஓட்டியதைக் கண்டுபிடித்து அபராதம் போட்டிருக்கிறார்கள். தவணை வாங்கி ஒரு தவணை கட்டியதோடு நின்றிருக்கிறது. மீதி யார் கட்டுவது என்று கேட்டு நிற்கவில்லை. விடை தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 25, ஞாயிறு

சன்னலுக்குத் திரைத்துணி அளவெடுக்கலாமென்று போனேன். வெளிப்பக்கமாக நின்று டேப்பை வைத்தபோது கதவு திறந்தது. திறந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கை முழங்கை வரை மாவு.

"பாத்தரம் கொண்டாரலீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். பரவாயில்லை என்று உள்ளே போய்த் தன் தூக்குப்போசியில் மாவு ஊற்றிக் கொடுத்தார். நாளைக்குக் கொண்டுவந்து கொடுத்தால் போதுமென்றார். ஹாலில் ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. ஹாலில் பாதியைக் கிரைண்டரே அடைத்துக்கொண்டிருக்கிறது. சுவரில் மாலை போட்ட படம்.

இவரிடம் மாவு கடையில் வாங்கியது என்று சொன்னேன். தோசை நன்றாகத்தான் வந்தது.

பிப்ரவரி 26, திங்கள்

லேப் முடிந்து போசியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பொருளை வைத்துக்கொள்ள முடியாதல்லவா. வாசலிலேயே நான் யார் என்று சொல்லிவிட்டேன்.

"நேத்தே தெரிஞ்சுதுங்க" என்றார் அவர். "மாவு வாங்க வர்றவங்க சன்னலை அளக்க மாட்டாங்க."

பெயர் கனகமணி. உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். கணவர் சாந்தலிங்கம் சின்னதாக ஒரு வார்ப்படப் பட்டறை நடத்தி, ஆர்டர் குறைந்து, கடன் மேல் கடனாகி, நெஞ்சுவலியில் இரண்டு வருடம் முன்பு போய்விட்டார். வீட்டை அடமானம் வைத்தது கனகமணிக்குத் தெரியுமா என்றால், தெரியும் என்றும் சொல்லலாம். கையெழுத்துப் போடச் சொன்னார், ரேஷன் கடையில் போடுவதுபோல் போட்டேன் என்றார். மகள் யாழினி பிளஸ் டூ. வெள்ளிக்கிழமை பரீட்சை தொடங்குகிறது.

"பரீச்சை முடியட்டுங்க. அது வரைக்கும் புள்ளைய அலைக்கழிக்காதீங்க. வேற ஒண்ணும் நான் கேக்கலீங்க."

நான் எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை. யோசிக்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 29, வியாழன்

நாங்கள் வைத்திருக்கிற வக்கீலுக்கு மார்ச் மாதம் வேறு வழக்குகள் இருக்கின்றனவாம். வீட்டைக் கைவசப்படுத்தும் வேலையை ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. கடன் தவணையும் இந்த வீட்டு வாடகையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

ஜெகதீசன் வந்து சண்டை. வக்கீலைத் தற்செயலாகப் பார்த்தானாம். "நீயே போன் பண்ணி ஏப்ரல் போதும்னு சொன்னியாமே? யாரு வூட்டுப் பொண்ணு பரீச்சைக்கு யாரு வாடகை கட்டறது?" என்று கத்தினான். இவர் கட்டிலில் இருந்தபடி, "கட்டறது உங்கக்கா. நீ டீயைக் குடி" என்றார்.

அவன் குடிக்காமலே போய்விட்டான்.

மார்ச் 22, வெள்ளி

பிளஸ் டூ பரீட்சை இன்றோடு முடிகிறது என்று லேப்பில் பேசிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை ஆணையராகப் போட்டிருக்கிறது. அவர் போலீஸ் துணையோடுதான் போவார். போலீஸ் எல்லோரும் தேர்தல் வேலையில். வாக்கு எண்ணி முடியும்வரை தேதி கேட்டு வராதீர்கள் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். ஆணையர் கட்டணத்தில் முதல் பகுதி கட்டினேன். வங்கிதானே கட்ட வேண்டும் என்று வக்கீலிடம் கேட்டேன். கட்டும், ஆனால் கட்டுகிற வரை காத்திருக்க உங்களால் முடியுமா என்று கேட்டார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. இவரை நாற்காலியில் வைத்துச் சன்னல் பக்கம் நகர்த்தினேன். கீழே மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் வரை அங்கேயே இருந்தார், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் திரும்பவில்லை.

மே 6, திங்கள்

ரிசல்ட். கனகமணி போன் செய்தார். பெண் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். சந்தோஷம் என்று சொன்னேன். எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே, வீடு பார்த்துக்கொண்டிருப்பதாகவும், கிரைண்டர் ஓட்டுவேன் என்றால் யாரும் வாடகைக்கு விடவில்லை என்றும் சொன்னார். கிரைண்டர் ஓடாவிட்டால் வாடகை கொடுக்க முடியாது.

மே 9, வியாழன்

கடன் வசூல் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ். ஏலத்தில் விலை குறைத்துப் போட்டார்கள், ஏலத்தை ரத்து செய்ய வேண்டும் என்று கனகமணி மனு போட்டிருக்கிறார். எதிர்தரப்பில் வங்கியோடு எங்கள் பெயரும் இருக்கிறது. நாச்சிமுத்து, கோதைநாயகி. அச்சில் பார்த்தபோது யாரோ குற்றவாளிகள் பெயர் போலிருந்தது.

லேப்பிலிருந்தே போன் செய்து நன்றாகக் கேட்டுவிட்டேன். திங்கட்கிழமை சிரித்துப் பேசினீர்களே, அப்போது இந்த மனு உங்கள் பையில்தானே இருந்தது என்றேன்.

"இருந்துச்சுங்க" என்றார். "போக எடம் கெடைக்கிற வரைக்கும் எதையாச்சும் புடிச்சுட்டு நிக்கோணுமில்லீங்க. உங்க மேல கோவத்துல போடலீங்க."

மனு நிற்காது என்கிறார் வக்கீல். ஆனால் பதில் போட வேண்டும். அதற்குத் தனியாகக் கட்டணம்.

மே 15, புதன்

எழுத எதுவுமில்லை.

மே 21, செவ்வாய்

மின்வாரியத்தில் அபராதத்தின் கடைசித் தவணையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அம்மா போன் செய்தார். இவர் படியில் விழுந்துவிட்டார்.

நான் போனபோது படி திரும்புகிற இடத்தில் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். நெற்றியில் ரத்தம். யார் யாருக்கோ தினம் பார்க்கிற ரத்தம்தான், ஆனாலும் என்னால் பஞ்சை ஒழுங்காக வைக்க முடியவில்லை. எலும்பு முறியவில்லை. ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே இறங்கியிருக்கிறார். திரும்புகிற இடத்தில் பிடிக்க ஒன்றும் இல்லை.

"சும்மா பழகிப் பாத்தேன்" என்றார். மேலே தூக்கிப்போக ஆள் கிடைக்க நேரமானது. அதுவரை அந்தப் படியிலேயே நானும் உட்கார்ந்திருந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் இவர் காலை ஒதுக்கப் பார்த்தார். அந்தக் கால் ஒதுங்காது.

சாயங்காலம் வக்கீலுக்குப் போன் செய்தேன். மனு தள்ளுபடியான மறுநாளே போலீஸுக்கு எழுதுங்கள், எந்தத் தேதி கிடைத்தாலும் சரி என்றேன். இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஜூன் 12, புதன்

மனு போன வாரமே தள்ளுபடி. போலீஸில் அடுத்த புதன் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 19, புதன்

காலையில் எட்டரைக்கே போய்விட்டேன். ஆணையர், இரண்டு போலீஸ், ஒரு பெண் போலீஸ், பூட்டுக்காரர், ஒரு லாரி, ஐந்து சுமைக்காரர்கள். லாரியும் சுமைக்கூலியும் போலீஸுக்குச் சாப்பாடும் என் செலவு. லாரி எதற்கு என்று முந்தாநாளே கேட்டிருந்தேன். சாமானைத் தெருவில் வைக்கக் கூடாது, கொண்டுபோய் விட வேண்டும், அது சட்டம் என்றார் வக்கீல். சட்டம் சரியாகத்தான் இருக்கிறது, செலவு யாருடையது என்பதில்தான் எப்போதும் ஒரே பதில். வங்கி அதிகாரி வந்தார், கையெழுத்துப் போட்டார், பூட்டோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பூட்டுக்காரருக்கு வேலையே இல்லை. கனகமணி கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நின்றார். கத்துவார், விழுவார், மண்ணெண்ணெய் அது இது என்றெல்லாம் ஜெகதீசன் பயமுறுத்தியிருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. துணிமணியெல்லாம் ஏற்கெனவே மூட்டை கட்டியிருந்தது. ஆணையர் ஒவ்வொரு சாமானாகச் சொல்ல உதவியாளர் எழுதினார். கட்டில் ஒன்று. இரும்பு பீரோ ஒன்று. பீரோவை நகர்த்தியபோது பின்சுவரில் பெண்ணின் உயரம் வருடா வருடம் கோடு போட்டிருந்தது. அதை எழுதலாமா என்று உதவியாளர் ஆணையரைப் பார்த்தார். ஆணையர் அடுத்த சாமானைச் சொன்னார்.

மேல்வீட்டுக்காரர்கள் பால்கனியில் நின்றார்கள். தினம் மாவு வாங்கியவர்கள்தான் எல்லோரும். கஸ்தூரிரங்கன் மட்டும் கீழே வந்து அந்தப் பெண்ணைத் தன் வீட்டில் வந்து உட்காரச் சொன்னார். அவள் போகவில்லை. சர்டிபிகேட் ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மதிலோரம் நின்றாள்.

கிரைண்டரைக் கழற்றப் போகும்போதுதான் கனகமணி என்னிடம் வந்தார். ஆணையரிடம் போகவில்லை, என்னிடம் வந்தார்.

"காலையில வழக்கம்போல ஊறப்போட்டுட்டேனுங்க. கை அதும்பாட்டுக்குப் போட்டுருச்சு. ரெண்டு ஈடு அரைச்சு எடுத்துட்டுப் போயிரட்டுங்களா? வெலைக்குக் குடுத்தா இன்னைக்குச் செலவுக்கு ஆகும்."

நான் ஆணையரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போலீஸ் பெண், மதியத்துக்கு மேல் தனக்கு வேறு டியூட்டி என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். என் வீடு, நான் சொல்லியிருந்தால் நடந்திருக்குமோ என்னவோ. நெற்றியில் தழும்போடு இவர் அங்கே மாடியில் தனியாக இருக்கிறார் என்ற நினைப்புத்தான் எனக்கு அப்போது.

கனகமணி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சரிங்க என்று போய்விட்டார். ஊறிய அரிசி இரண்டு அண்டாவோடு சமையலறையிலேயே நின்றுவிட்டது, தண்ணீரோடு லாரியில் ஏற்ற முடியாது.

கடைசியில் ஒரு காரியம் செய்தார். துடைப்பம் எடுத்து ஹாலைக் கூட்டினார். கூட்டி அள்ளிக் குப்பையை வெளியே போட்டுவிட்டுத் துடைப்பத்தை மட்டும் மூலையில் சாத்திவிட்டுப் போனார். லாரிக்காரர் எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார். நான் எங்கே என்று கேட்கவில்லை. லாரி வாடகை எவ்வளவு என்றுதான் கேட்டேன்.

சாவி இப்போது என் கைப்பையில் இருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

ஊறிய அரிசியை வடித்தேன். பாதியைக் கஸ்தூரிரங்கன் சொன்ன பால்காரர் மாட்டுக்கு எடுத்துப்போனார். மீதியை என்ன செய்தேன் என்று எழுத ஒன்றுமில்லை. அரிசியை வீணாக்கக் கூடாது. இவர் இரண்டு நாளாகத் தோசைதானா என்று கேட்டார்.

ஜூன் 30, ஞாயிறு

குடிவந்துவிட்டோம். சுமைக்காரர்கள் இவரை நாற்காலியோடு இறக்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பால் காய்ச்சினேன். ஜெகதீசன் வந்து கட்டிலைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் இவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்பட்டார். நான் கூடப் போகவில்லை, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சரிவில் இறங்கி, கேட்டைத் தாண்டி, எதிரே இருக்கிற டீக்கடைக்கு. எத்தனை மாதமாக நான் மனதில் பார்த்துக்கொண்டிருந்த காட்சி. நல்லபடியாகத்தான் இருந்தது. ஆனால் போன வேகத்தில் திரும்பிவிட்டார். டீ நன்றாக இல்லை என்றார்.

ஜூலை 1, திங்கள்

லேப்பிலிருந்து வந்தபோது வாசலில் இரண்டு பெண்கள் பாத்திரத்தோடு நின்றார்கள். மாவு இல்லை, அவர்கள் போய்விட்டார்கள் என்றேன். எங்கே போனார்கள் என்று கேட்டார்கள்.

ஜூலை 5, வெள்ளி

தினமும் வருகிறார்கள். பக்கத்துத் தெருக்காரர்களுக்கு விஷயம் தெரியவில்லை. நான் வேலையில் இருக்கும்போது இவர்தான் பதில் சொல்கிறார். அட்டையில் எழுதி ஒட்டிவிடலாமா என்றேன். என்னவென்று எழுதுவாய் என்று கேட்டார்.

ஜூலை 7, ஞாயிறு

இவர் டீக்கடைக்குப் போவதில்லை. கால் வலி என்கிறார். இன்று நான் பால் வாங்கப் போனபோது கடைக்காரரே பேச்சுக் கொடுத்தார். "அன்னைக்கு வந்தாரே, அவருதான் உங்க வூட்டுக்காரருங்களா? மாவுக்காரம்மா வூட்டுக்கு வந்தவங்களான்னு ஒருத்தரு கேட்டாரு, உடனே எந்திரிச்சுட்டாரு. டீ ஊத்துனது ஊத்துனபடி இருந்துச்சுங்க."

வீட்டில் இதைப் பற்றிப் பேசவில்லை. வெந்நீர் வைத்துக் காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். வலி எங்கே என்று கேட்டால் ஏதோ ஓர் இடத்தைக் காட்டினார்.

ஜூலை 20, சனி

பெண்கள் விடுதிக்குச் சமையல் செய்கிற ஒருவர் மதியம் வந்திருக்கிறார். மாதாமாதம் மாவு வாங்கி மொத்தமாகப் பணம் கொடுப்பவராம். சொந்த ஊரில் ஒரு சாவு, போய் இப்போதுதான் வந்தாராம். கடைசி மாதப் பணத்தைக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். கனகமணி இல்லை என்றதும் திரும்பப் போகாமல், அந்த அம்மா பணம் தன் கையில் இருந்தால் செலவாகிவிடும், நீங்களே சேர்த்துவிடுங்கள் என்று இவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"ஏனுங்க வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"அவிங்க குடுக்க வேண்டியதெல்லாம் இத்தன நாளா நம்மகிட்டத்தான வந்துச்சு" என்றார். "அவிங்களுக்கு வர வேண்டியதும் வேற எங்க போகும்?"

ஜூலை 23, செவ்வாய்

கனகமணியின் போன் அணைத்தே கிடக்கிறது. கஸ்தூரிரங்கனிடம் விலாசம் கேட்டேன், பாக்கி தீர்ந்த பிறகு விலாசம் வாங்கி வைக்கத் தோன்றவில்லை என்றார், வருத்தமாகத்தான் சொன்னார். வங்கியில், அந்தக் கணக்கை முடித்துவிட்டோம் மேடம் என்றார்கள். லாரிக்காரரைப் பிடித்தேன். அன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாமானை வேறொரு டெம்போவுக்கு மாற்றிக்கொண்டார்களாம். கிரைண்டர் டெம்போவில் ஏறவில்லையாம். அங்கேயே பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்களாம்.

இவரிடம் அன்னூர் வரைக்கும் சொன்னேன்.

ஜூலை 29, திங்கள்

கரண்ட் பில் கட்டக் கடைசி நாள். தவணை போன மிச்சத்தில் ஒன்றும் இல்லை, சம்பளம் வர இன்னும் மூன்று நாள். ஜெகதீசனிடம் கேட்க வாய் வரவில்லை. பீரோவில் அந்தக் கவர் இருந்தது. முதல் தேதி திரும்ப வைத்துவிடலாம்.

மின்வாரியத்தில் பெயர் மாற்ற மனு கொடுத்து மாதங்கள் ஆகின்றன, இன்னும் மாறவில்லை. கவுண்டரில் இருந்தவர் ரசீதைக் கிழித்துக் கொடுத்து, சாந்தலிங்கம் யாருங்க, வீட்டுக்காரரா என்று கேட்டார். பின்னால் ஆட்கள் நின்றார்கள். ஆமாம் என்றேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து ரசீதைப் பார்த்தேன். பெயர் சாந்தலிங்கம். பாக்கி ஏதுமில்லை.